முக்குளி யார் பங்கில்

"எந்த இடத்துல உனக்குப் பயம் வந்துச்சு?" என்று அண்ணன் ஒரு நாள் அவளைக் கேட்டான்.

அப்போது அவள் பள்ளிப்படிப்பு முடித்துவிட்டு வீட்டில் சும்மா இருந்த பெண். சைக்கிள் கடைக்கு மேலே இருந்த ஒற்றை அறையில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தாள். திரையில் ஒரு சின்னப் பறவை தண்ணீருக்கடியில் மூச்சு முட்டிச் செத்து, கால் இரண்டும் மேலே தெரிய மிதந்துகொண்டிருந்தது. அவளுக்குப் பதில் தெரியும். வாய்தான் வரவில்லை. நாலு பேர் முன்னால் தன் பெயரைச் சொல்வதற்கே நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும் பிறவி அவள்.

"விடு பாப்பா. வாய் சொல்லாட்டி என்ன, உன் மூஞ்சி சொல்லிடும்," என்று அண்ணன் சிரித்தான்.

விளையாட்டாகச் சொன்னது பிறகு தொழில்முறையாகவே ஆகிவிட்டது. அண்ணனும் அவன் சிநேகிதனும் சேர்ந்து செய்துகொண்டிருந்த கம்ப்யூட்டர் விளையாட்டை அவள் விளையாடுவாள். அவர்கள் இருவரும் திரையைப் பார்க்க மாட்டார்கள். திரைக்கு இருபுறமும் பக்கவாட்டில் நாற்காலி போட்டு உட்கார்ந்து அவள் முகத்தைப் பார்ப்பார்கள். அவள் உதட்டைக் கடித்த இடத்தில் தண்ணீரின் ஆழம் கூட்டப்பட்டது. மூக்கு விடைத்த இடத்தில் ஒரு மீன் குறைக்கப்பட்டது. கொட்டாவி விட்டால் அந்தக் கட்டமே குப்பைக்குப் போனது. முக்குளி என்ற அந்த விளையாட்டு நாலு பாகமாக வெளிவந்து, பிள்ளைகள் சோறு தண்ணி மறந்து அதில் முங்கிக் கிடந்த காலத்தில், அந்த ஆழமெல்லாம் ஒருத்தியின் முகத்திலிருந்து அளந்து எடுத்தவை என்பது மூன்று பேருக்குத்தான் தெரியும்.

"முகத்தைப் பாருடான்னா, மச்சான், நீ ஆளையே பாத்துட்டே!" என்று அண்ணன் சிநேகிதனைக் கேலி செய்தான். கல்லூரியிலிருந்தே ஒருவரையொருவர் மச்சான் என்று கூப்பிட்டு வந்தவர்கள். வாய்ப்பேச்சுக்குச் சொன்ன உறவு படியேறி வந்து நிஜமாகிவிட்டது. சிநேகிதன் அவள் கணவர் ஆனார்.

இப்போது அவளுக்கு ஐம்பது நெருங்குகிறது. குடும்பத்துக்கு இன்னும் பாப்பாதான். ஆனால் மச்சான்கள் இருவரும் முகம் பார்த்துப் பேசி வருஷக்கணக்காகிவிட்டது. வக்கீல்கள்தான் பேசிக்கொள்கிறார்கள்.

நாலாம் பாகம் முடிந்த கையோடு இருவரும் தனித்தனியாகப் போனார்கள். எது யாருக்கு என்று எழுதிக்கொள்ளவில்லை. சொந்தத்துக்குள் எழுத்து எதற்கு என்ற பெருந்தன்மை. கொஞ்ச காலம் கழித்துக் கணவர் முக்குளி என்ற பெயரைத் தன் பேரில் பதிவு செய்தார். அண்ணன் அந்தப் பறவையை அச்சடித்த சட்டைகளை விற்றான். இவர் அவனுக்கு நோட்டீஸ் விட்டார், அவன் இவருக்கு விட்டான். பழைய முக்குளியைப் போனுக்குக் கொண்டுவரலாம் என்று ஒரு பெரிய கம்பெனி வந்து நின்றபோது வழக்கு வேர் பிடித்து மரமாகியிருந்தது. உரிமை யாருடையது என்று முடிவுபண்ணிக்கொண்டு வாருங்கள், ரொம்ப நாள் காத்திருக்க முடியாது என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

வழக்கின் அடிமுடிச்சு ஒன்றே ஒன்று. பறவையை முதலில் வரைந்தது யார்? நான்தான் என்று கணவர் பிரமாணப் பத்திரம் கொடுத்திருந்தார். நான்தான் என்று அண்ணனும் கொடுத்திருந்தான். அன்று அந்த அறையில் இருந்த மூன்றாவது ஆள் அவள். இரண்டு வக்கீல்களும் அவளையே தங்கள் தரப்புச் சாட்சியாகப் போட்டிருந்தார்கள்.

வரைந்தது அண்ணன். பிஸ்கட் பெட்டியைக் கிழித்து, அட்டையின் உள்பக்கத்தில், பென்சிலால், அவள் கண்முன்னால் வரைந்தான். கணவர் அதை வாங்கிப் புள்ளி புள்ளியாகத் திரையில் ஏற்றி நடக்க வைத்தார், முங்க வைத்தார், மூச்சு விட வைத்தார். அவர் பொய் சொல்கிறார் என்றுகூட அவளால் நினைக்க முடியவில்லை. உயிர் கொடுத்தவன்தான் பெற்றவன் என்று அவர் மனதார நம்பத் தொடங்கி வெகு காலமாகிறது. ஆனால் கூண்டில் ஏற்றி, "வரைஞ்சது யாரும்மா?" என்று கேட்டால் இதையெல்லாம் விளக்க யார் விடுவார்கள்? உண்மையைச் சொன்னால் புருஷன் பொய்யன். மறைத்தால் கூடப்பிறந்தவன் பொய்யன்.

விசாரணை தொடங்குமுன் நீதிமன்றம் கடைசி முயற்சியாக அவர்களைச் சமரசத்துக்கு அனுப்பியது. மத்தியஸ்தர் ஓய்வுபெற்ற நீதிபதி அம்மாள். ஆண்கள் இருவரும் மாறி மாறிக் கொட்டித் தீர்த்ததைக் கேட்டுவிட்டு, "என் பசங்களுக்குக் கேக் வெட்டுற மாதிரியே வெட்டிடலாம். ஒருத்தர் ரெண்டாப் பிரிங்க. மத்தவர் எது வேணுமோ எடுத்துக்குங்க. கோணலா வெட்டினா கோணல் வெட்டினவருக்குத்தான்," என்றார். காசு சுண்டினார்கள். பிரிப்பது கணவர், எடுப்பது அண்ணன் என்று விழுந்தது.

வீடு திரும்பிய கணவர் முகத்தில் வெகுநாள் கழித்து ஒரு தெளிச்சி. "உங்க அண்ணன் ஒரு நிபந்தனை போட்டிருக்கான். அன்னிக்கு நீயும் வந்து உக்காரணுமாம். தங்கச்சி முன்னாலதான் எடுப்பானாம். பாசம் பொத்துக்கிட்டு ஊத்துது பாரு."

அவளுக்கு அது பாசமாகப் படவில்லை. வேறு என்னவென்றும் புரியவில்லை.

ஊரில் நாத்தனாரும் அண்ணியும் எலியும் பூனையுமாக இருப்பார்கள், ஆண்கள் நடுவில் நின்று முழிப்பார்கள். இந்தக் குடும்பத்தில் எல்லாம் தலைகீழ். ஆண்கள் அடித்துக்கொள்ள, பெண்கள் இருவரும் சலவைக் கடையில் களவாகச் சந்தித்துக்கொண்டார்கள். வரிசையாக இயந்திரங்கள் உறுமும் கடை அது. பேசுவது பக்கத்து நாற்காலிக்குக்கூடக் கேட்காது.

"என்ன பாப்பா, உன்னையும் சேர்த்து மெஷின்ல போட்டுப் புழிஞ்ச மாதிரி இருக்கே?" என்றாள் அண்ணி, போர்வையின் ஒரு முனையை அவள் கையில் திணித்து.

"தூக்கமே இல்ல அண்ணி. அண்ணன் எதை எடுக்கும்?"

"விளையாட்டு வினையாகும்னு பெரியவங்க சொன்னது நம்ம வீட்டுக்குத்தான்." போர்வையை உதறி மடித்தபடி அண்ணி பெருமூச்சு விட்டாள். "அவருக்கு இப்போ கை நடுங்குது பாப்பா. டீ குடிச்சா பாதி சட்டைக்குத்தான். பென்சிலைத் தொட்டே காலமாச்சு. புதுசாப் பண்ணணும்ங்கிற ஆசையெல்லாம் கிடையாது. பழைய நாலையும் இந்தக் கம்பெனிக்காரங்க கண்ட கலரைப் பூசிக் கெடுத்துடக் கூடாது. அவ்வளவுதான் அவரு கவலை."

அவளுக்குக் கண் விரிந்தது. கணவருக்கு வேண்டியது பழையது இல்லை. பறவையை வைத்து ஐந்தாவதாக ஒன்றை அவர் ரகசியமாகச் செய்துகொண்டிருக்கிறார். ஆளுக்கு ஒன்று வேண்டும், அதுவும் வேறு வேறு. "அப்போ பிரச்சினையே இல்லையே அண்ணி!"

"அட போ, நீ வேற. இவருக்கு எது வேணும்ங்கிறதா இப்போ கணக்கு? உன் வீட்டுக்காரருக்கு எது வேணுமோ அதைப் பிடுங்கணும். அவன் வயிறு எரியணும். காலையில ஷேவ் பண்ணும்போது கண்ணாடியைப் பாத்துச் சொல்றாரு. எனக்குக் கண்ணாடியைப் பாத்தாத்தான் பாவமா இருந்துச்சு."

"இவருக்கு எது வேணும்னு அண்ணனுக்கு எப்படித் தெரியும்? இவர் முகம்தான் கல்லாச்சே. கூட இருக்கற எனக்கே சில நாள் தெரியாது."

அண்ணி மடித்துக்கொண்டிருந்த கையை நிறுத்தினாள். "அவர் மூஞ்சியை யாரு பாக்கப் போறாங்க? உன்னை எதுக்குடீ வரச் சொல்லியிருக்காருன்னு நினைச்சே?"

அவள் கையிலிருந்த போர்வையின் முனையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

அன்று சாயங்காலம் கணவர் சாப்பாட்டு மேசையைத் துடைத்து இரண்டு தாள்களை வைத்தார். ஒன்றாம் பங்கில் முக்குளி என்ற பெயரும், வெளிவந்த நாலு பாகங்களும், அவை போனில் வந்தால் கிடைக்கும் வருமானமும். இரண்டாம் பங்கில் பறவையும், அதை வைத்து வேறு பெயரில் இனிமேல் என்ன விளையாட்டு வேண்டுமானாலும் செய்யும் உரிமையும்.

"கோணல் இல்லாமத்தானே வெட்டியிருக்கேன்?" என்றார். பதிலுக்குக் காத்திருக்காமல் தன் நாற்காலியை மேசையின் பக்கவாட்டுக்கு இழுத்துப் போட்டுக்கொண்டார். அப்படி உட்கார்ந்தால் என்ன அர்த்தம் என்று அவளைவிட நன்றாக யாருக்குத் தெரியும்?

"நீதான் உங்க அண்ணன்னு வெச்சுக்க." முதல் தாளை அவள் பக்கம் நகர்த்தினார். அவள் முகத்தைப் பார்த்தார். அதை இழுத்துக்கொண்டு இரண்டாம் தாளை நகர்த்தினார். மறுபடியும் முகத்தைப் பார்த்தார்.

"எதுக்கு இப்படிப் பாக்கறீங்க?"

"எப்படிப் பாக்கறேன்?"

"கம்ப்யூட்டர் முன்னால உக்கார வெச்சுப் பாப்பீங்களே, அந்த மாதிரி."

அவர் கூச்சத்தோடு சிரித்தார். "பழக்கதோஷம்." பிறகு சிரிப்பு போய்விட்டது. "பறவை என்கிட்ட இருக்கணும். அஞ்சாவது பாதிக்கு மேல முடிஞ்சிருச்சு. ராத்திரி பகலா உக்காந்து பண்ணியிருக்கேன். அவன் அதை எடுத்தான்னா நான் கையெழுத்துப் போட மாட்டேன். கோர்ட்லயே பாத்துக்கலாம். யாரு வரைஞ்சதுன்னு நீ வந்து சொல்லப்போறே. சொல்லுவே இல்ல?"

அவள் முகத்தில் ஈயாடவில்லை. இத்தனை காலம் அந்த முகத்தைப் படித்துப் படித்துப் பிழைத்தவர், அந்த நேரம் பார்த்து, தாள்களின் ஓரத்தைத் தட்டித் தட்டிச் சரியாக அடுக்குவதில் மும்முரமாகிவிட்டார்.

மறுநாள் அவர் குளிக்கப் போனதும் அவள் அலமாரிக் கண்ணாடி முன்னால் நின்றாள். முகத்தைக் கல்லாக வைத்துப் பார்த்தாள். பல்வலிக்காரியைப்போல இருந்தது. லேசாகச் சிரித்துப் பார்த்தாள். அண்ணன் பார்த்தால் ஆம்புலன்ஸைக் கூப்பிடுவான். முகத்தை மூடிவைப்பது தன்னால் ஆகாது என்று தெரிந்தது. அப்படியென்றால் மூடக்கூடாது, மாற்றிக் காட்டவேண்டும். அண்ணன் கை முதல் தாளின்மேல் போகும்போது பயப்படவேண்டும். இரண்டாவதன்மேல் போகும்போது கொட்டாவி விடுகிற மாதிரி இருக்கவேண்டும். அவன் வீம்புக்கு முதலாவதைப் பிடுங்கிக்கொள்வான். அவனுக்கு வேண்டியதும் அதுதானே. யாருக்கும் நஷ்டமில்லை.

அப்படித்தான் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். ஆனால் பிஸ்கட் அட்டையில் பென்சில் கரகரத்த சத்தம் காதுக்குள் கேட்டுக்கொண்டே இருந்தது. அது அவன் பறவை. பெற்றவன் கையாலேயே பிள்ளையைத் தள்ளிவிட வைக்கப் போகிறாள். பொய் சொல்ல வாய் எழாதவளுக்கு முகம் மட்டும் எழுமா? உதட்டைக் கடித்துப் பார்த்தாள். இன்னொரு முறை கடித்தாள். உதடு வீங்கியதுதான் மிச்சம்.

சமரச மையத்தின் அறை நீளமாக இருந்தது. ஏசியிலிருந்து தண்ணீர் சொட்டி ஒரு பிளாஸ்டிக் வாளியில் விழுந்துகொண்டிருந்தது. கணவரின் வக்கீல் மேசைக்கடியில் காலை ஆட்டியபடி இருந்தார். அண்ணனின் வக்கீலம்மாவுக்கு ஜலதோஷம். மத்தியஸ்தர் அம்மாள் இருமல் மிட்டாயைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு மேசையின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தார்.

அண்ணன் வந்தான். இளைத்திருந்தான். இரண்டு கைகளும் பேண்ட் பைக்குள் இருந்தன.

"நல்லா இருக்கியா, பாப்பா? உதடு என்ன இப்படி வீங்கியிருக்கு?"

"கடிச்சுக்கிட்டேன்ணா."

"பாத்துக் கடிக்கக் கூடாதா?" என்று சொல்லிவிட்டு மத்தியஸ்தர் பக்கம் திரும்பினான். "மேடம், வெட்டினவருக்குக் கத்தி பிடிக்கத் தெரியுமான்னு விசாரிச்சீங்களா? கோடு போடுறது எப்பவுமே என் வேலை."

"கோடு போட்டாப் போதுமா? அதை ஓட விட்டது யாரு?" என்றார் கணவர், வாளியைப் பார்த்து.

"ஓட விட்டவரு தன் வீட்டுக்கே ஓட்டிக்கிட்டுப் போயிட்டாரு, மேடம்."

"ரெண்டு பேரும் என்னைப் பாத்துப் பேசுங்க," என்றார் அம்மாள். "இல்லேன்னா ரெண்டு பேரையும் வராந்தாவுல நிக்க வெச்சுடுவேன். இந்த வயசுல அது நல்லா இருக்காது."

தாள்களை மேசைமேல் வைத்தார்கள். அண்ணன் இரண்டையும் படித்தான். அவசரமில்லாமல் மறுபடியும் படித்தான். பிறகு எழுந்து, "வெளிச்சம் கண்ணுல அடிக்குது," என்று நாற்காலியைக் காலாலேயே பக்கவாட்டுக்குத் தள்ளி உட்கார்ந்தான். ஜன்னலில் கனத்த திரை தொங்கியது. வெளிச்சம் எதுவும் இல்லை. இப்போது அவள் முகம் அவனுக்கு முழுதாகத் தெரிந்தது.

அவன் வலதுகையை வெளியே எடுத்தான். அண்ணி சொன்னபோது இவ்வளவு நடுங்கும் என்று அவள் நினைக்கவில்லை. காற்றில் அகப்பட்ட காகிதம் மாதிரி இருந்தது. அந்தக் கை மெதுவாகப் போய் முதல் தாளின்மேல் படிந்தது.

அவள் உதட்டைக் கடித்தாள். கண்ணை லேசாக அகட்டினாள். எல்லாம் கண்ணாடி முன்னால் செய்த மாதிரியே வந்தது. தனக்கு இது வருகிறதே என்று அவளுக்கே திகைப்பாக இருந்தது. அண்ணன் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் கண்ணோரம் சுருங்கியது.

கை அங்கிருந்து எழுந்து இரண்டாம் தாளுக்குப் போனது.

இப்போது தோளைத் தளர்த்தவேண்டும். கொட்டாவி மாதிரி வாய் லேசாகத் திறக்கவேண்டும். அவள் தளர்த்தப் பார்த்தாள். அந்த நேரம் பக்கத்தில் கணவர் பேனாவை மேசைமேல் வைக்கும் சத்தம் கேட்டது. கையெழுத்துப் போடப்போவதில்லை என்று வைக்கிற மாதிரி இருந்தது. நடுங்குகிற விரல்கள் தாளின் ஓரத்தைப் பிடித்து ஒரு நூல் அளவு இழுத்தன. அவளுக்குக் கூண்டு தெரிந்தது, கறுப்பு அங்கி தெரிந்தது, "வரைஞ்சது யாரும்மா?" என்ற குரல் கேட்டது. மூச்சு நெஞ்சிலேயே நின்றுவிட்டது. மூக்கு விடைத்தது. அதைத் தடுக்க அவள் கையில் ஒன்றும் இல்லை.

அண்ணன் எல்லாவற்றையும் பார்த்தான்.

முதலில் கடித்த உதடு வேஷம் என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்துவிட்டது என்று அவளுக்கும் புரிந்தது. மச்சானுக்கு எது உயிர் என்று இனி அவன் யாரையும் கேட்கவேண்டியதில்லை. தாளின்மேல் அவன் கை அப்படியே இருந்தது. வக்கீலின் கால் ஆட்டம் நின்றிருந்தது. வாளியில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுந்தது.

"எதுங்க?" என்றார் மத்தியஸ்தர்.

அண்ணன் தங்கையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அதில் கோபம் இருந்தால் அவளால் தாங்கியிருக்க முடியும். யாரோ ஒரு புதுப் பெண்ணைப் பார்க்கிற மாதிரி பார்த்தான். அவளிடம் எதையோ கேட்கப் போகிறவன்போல அவன் உதடு அசைந்தது. இரண்டாம் தாளிலிருந்து கையை எடுத்து, முதல் தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான்.

கணவரின் வக்கீல் விட்ட மூச்சு எல்லோருக்கும் கேட்டது.

"பேரும் பழைய நாலும் உங்களுக்கு. பறவையும் புதுசும் அவருக்கு. நல்லா யோசிச்சுத்தானே?" என்று அம்மாள் கேட்டார்.

அண்ணன் தலையை ஆட்டினான்.

கையெழுத்துப் போட அவனுக்கு நேரம் பிடித்தது. வக்கீலம்மா தாளை அழுத்திப் பிடித்துக்கொண்டார். முதல் முறை பேனா கோட்டைத் தாண்டி ஓடியது. நகலை எடுத்து மறுபடியும் போடவேண்டியிருந்தது. எத்தனையோ ஆண்டுகளுக்கு முன்னால் ஒரே இழுப்பில் அலகும் கழுத்தும் வரைந்த கை அது என்று அங்கே சொல்லக்கூடியவர்கள் இருவர். அதில் ஒருவர் தன் கையெழுத்தை அதற்குள் போட்டு முடித்து, மூடியைத் திருகிக்கொண்டிருந்தார்.

"ஆச்சு," என்றார் மத்தியஸ்தர். "சாட்சி, விசாரணை ஒண்ணும் இனிமே கிடையாது. இனிமேலாவது ஒரு குடும்பத்து ஆளுங்களா இருங்க." பிஸ்கட் தட்டை நடுவில் நகர்த்தினார். வக்கீல்கள் எடுத்துக்கொண்டார்கள்.

சாட்சி கிடையாது. இந்த ஒரு வார்த்தைக்காகத்தான் அவள் இத்தனை நாள் தூங்காமல் கிடந்தாள். இப்போது நெஞ்சு லேசாகிவிடும் என்று காத்திருந்தாள். ஆகவில்லை. அவனுக்கு வேண்டியது முதல் பங்குதான் என்பதால் எடுத்தானா? அவள் பயந்ததைப் பார்த்துவிட்டு விட்டுக்கொடுத்தானா? தங்கை முகம் காட்டிக்கொடுத்ததை வைத்து ஜெயிக்க வேண்டாம் என்று தோன்றியதா? மற்றவர்கள் அவள் முகத்தைப் படிப்பார்கள். அவளுக்கு யார் முகத்தையும் படித்துப் பழக்கமில்லை.

"மச்சான்," என்றார் கணவர். எத்தனையோ வருஷம் கழித்து அந்தச் சொல் வந்தது. "அஞ்சாவது முடிஞ்சதும் ஒரு தடவை வந்து பாரேன்."

அண்ணன் அது காதில் விழாதவன்போல நாற்காலியைத் தூக்கி, முன்பு இருந்த இடத்திலேயே போட்டான். தன் தாளை மடித்தான். நடுக்கத்தில் மடிப்பு கோணலாக விழுந்தது. அப்படியே சட்டைப் பையில் வைத்தான்.

"அண்ணா," என்று அவள் எழுந்தாள். குரல் அவள் நினைத்ததைவிடப் பெரிதாக வந்துவிட்டது. எல்லோரும் திரும்பினார்கள்.

அவன் நின்றான். அவள் காலடியில் கிடந்த கைப்பையைக் குனிந்து எடுத்து, தூசியைத் தட்டி, அவள் நாற்காலியில் வைத்தான். நிமிர்ந்தபோது அவள் முகத்தைப் பார்க்கவில்லை. இரண்டு கைகளையும் பேண்ட் பைக்குள் விட்டுக்கொண்டு, கதவைத் தோளால் தள்ளித் திறந்து, வெளியே போய்விட்டான்.